கடலோரக் காரில் டர்போ பூஸ்ட்: மீட்டர் காட்டாத கணக்கு

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் சாலையில் உச்சிப்புளியைத் தாண்டினால் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்துப் பார்க்கத் தோன்றும் நேர்பாதை வரும். கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. டர்போ கார் வாங்கி, ரீமேப் செய்து (என்ஜின் கணினியின் அட்டவணைகளான ‘மேப்’பை மாற்றி எழுதி), டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரைப் பெரிதாகப் போட்டு, வெளிக்காற்றுக்கு மேல் டர்போ ஏற்றும் அழுத்தமான பூஸ்ட்டைக் காட்டும் மீட்டர் ஒன்றையும் டேஷ்போர்டில் ஒட்டிக்கொண்டவர்கள் தங்கள் வண்டியை இங்கேதான் பரீட்சித்துப் பார்க்கிறார்கள். அப்படி இருவர் டீக்கடையில் சந்தித்தால் முதலில் வரும் கேள்வி, “எத்தனை பிஎஸ்ஐ ஓடுது?” என்பதுதான். பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அளவு. 18 என்றால் சரி. 22 என்றால் பானட்டைத் திறந்து காட்டச் சொல்வார்கள்.

அந்த எண்ணை மட்டும் வைத்து ஒரு என்ஜினைப் பற்றிச் சொல்ல முடிவது ரொம்பக் கொஞ்சம். பூஸ்ட்டை ஏற்ற எவராலும் முடியும்; சில வண்டிகளில் ஒரு சின்ன ஹோஸைப் பிடுங்கிவிட்டாலே தாறுமாறாக ஏறும். கேட்ட நேரத்தில், கேட்ட அளவில் அதைப் பிடித்து நிறுத்துவதுதான் வேலை. வெயிலும் உப்புக் காற்றும் சேர்ந்த இந்தக் கரையில், டர்போ கெடுவதற்கு ரொம்ப முன்பே அதைக் கட்டுப்படுத்துகிற சில்லறைச் சாமான்கள் கெட்டுப்போகின்றன. ஆனாலும் காசு முழுக்க டர்போவுக்கும் மேப்புக்குமே போகிறது.

தானாக நிற்கத் தெரியாத சக்கரம்

டர்போவில் ஒரே தண்டின் இரு முனையிலும் இரண்டு சக்கரங்கள். சைலன்சரை நோக்கிப் போகும் சூடான புகை ஒன்றைச் சுழற்றுகிறது. மறுமுனையில் இருப்பது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் எரிபொருளைக் கூடுதலாக எரிக்கலாம். கூடுதலாக எரித்தால் புகை கூடும். புகை கூடினால் சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றும். ஒன்றை ஒன்று தூண்டிவிட்டுக்கொண்டே போகும் இந்த ஓட்டத்துக்குத் தானாக நிற்கத் தெரியாது. சின்னக் கார்களின் டர்போ நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழலக்கூடியது. அதற்கும் மேலே விட்டால் சக்கரம் விரிந்து உறையில் உரசும், இல்லையென்றால் தண்டு முறியும். என்ஜின் பக்கத்தில் பிஸ்டன் தாங்காது, ஹெட் கேஸ்கெட் தாங்காது.

அதனால்தான் வேஸ்ட்கேட். கண்மாய்க்குக் கலுங்கு எதற்கோ, டர்போவுக்கு வேஸ்ட்கேட் அதற்குத்தான்: கரை உடையாமலிருக்க, அளவுக்கு மிஞ்சி வருவதைச் சக்கரத்தின் பக்கம் விடாமல் வேறு வழியாக வெளியே அனுப்பிவிடுவது. ஒரு சின்ன இரும்பு மடல். அதைத் தள்ளித் திறக்க ஒரு கம்பி. கம்பியின் மறுமுனையில் பட்டறைக்காரர்கள் ‘டப்பா’ என்று சொல்லும் ஆக்சுவேட்டர். டப்பாவுக்குள் ஒரு ரப்பர் சவ்வும் ஒரு ஸ்பிரிங்கும். டர்போ தள்ளும் காற்றிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் வந்து டப்பாவில் சேரும். அந்த அழுத்தம் ஸ்பிரிங்கின் பலத்தை மீறியதும் கம்பி நகரும், மடல் திறக்கும், புகையின் ஒரு பகுதி சக்கரத்தைத் தொடாமலே வெளியேறும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஸ்பிரிங் எவ்வளவு பலமோ அதுதான் அந்த வண்டியின் அடிப்படை பூஸ்ட். 0.5 பார் (ஒரு பார் சுமார் 14.5 பிஎஸ்ஐ) ஸ்பிரிங் போட்ட டப்பாவிடம் என்ன வித்தை காட்டினாலும் அதைவிடக் குறைவாகக் கேட்க முடியாது. கூட்டத்தான் முடியும். பூஸ்ட் கண்ட்ரோலர் என்று கடையில் விற்கும் எல்லாமே அடிப்படையில் செய்வது ஒன்றுதான்: டப்பாவுக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி, மடலைத் தாமதமாகத் திறக்க வைப்பது. வெளிப்படையாகச் சொன்னால், டப்பாவிடம் பொய் சொல்வது. அந்தப் பொய்யை எவ்வளவு கணக்காகச் சொல்கிறோம் என்பதில்தான் மலிவுச் சரக்குக்கும் நல்ல சரக்குக்கும் வித்தியாசம்.

விசில் சத்தத்துக்காகப் போடும் புளோ-ஆஃப் வால்வைப் பலர் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் என்ஜினுக்குக் காற்றை விடும் கதவான திராட்டில் மூடிக்கொள்ள, வழியில் மாட்டிக்கொண்ட காற்றை விடுவிப்பது மட்டும்தான் அதன் வேலை. பூஸ்ட்டின் உச்சத்தை அது தீர்மானிப்பதில்லை. சத்தத்துக்குக் காசு கொடுப்பது அவரவர் விருப்பம்.

திருகு, சொலனாய்டு, கணினி

மலிவானது கைத்திருகு. அதில் இரண்டு வகை. முதல் வகை, ஹோஸில் வரும் காற்றில் கொஞ்சத்தைக் கசியவிடும், 0.8 பார் வந்தால் டப்பாவுக்கு 0.5 தான் தெரியும். இரண்டாவது வகையில் ஒரு குண்டும் ஸ்பிரிங்கும் வழியை அடைத்து நிற்கும்; குறித்த அழுத்தம் வரும்வரை டப்பாவுக்கு ஒன்றுமே போகாது, வந்ததும் சட்டென்று திறக்கும். முதல் வகையில் மடல் சீக்கிரமே லேசாகத் திறக்கத் தொடங்கி, பிக்கப் மந்தமாகும். இரண்டாவதில் பிக்கப் துள்ளும், ஆனால் திறக்கும் கணத்தில் அழுத்தம் ஒரு எகிறு எகிறிவிட்டு இறங்கும். இரண்டுக்குமே வெயில், கியர், எரிபொருள் எதுவும் தெரியாது. மார்கழி விடியற்காலையில் வைத்த திருகு சித்திரை உச்சி வெயிலிலும் அங்கேயே நிற்கும்.

இன்றைய கார்களில் அந்த இடத்தில் கணினி கட்டளையிடும் ஒரு சொலனாய்டு வால்வு இருக்கிறது. மூன்று வாய் கொண்ட ஒரு சின்னப் பொருள்: ஒரு வாயில் டர்போ அழுத்தம் வரும், ஒரு வாய் டப்பாவுக்குப் போகும், மூன்றாவது காற்றை வெளியே விடும். நொடிக்குப் பல முறை அது திறந்து மூடும். மொத்த நேரத்தில் எத்தனை சதவீதம் திறந்திருக்கிறது என்பதை டியூட்டி என்கிறார்கள். டியூட்டி பூஜ்யம் என்றால் ஸ்பிரிங் அளவு பூஸ்ட். டியூட்டியை ஏற்ற ஏற்ற டப்பாவுக்குத் தெரியும் அழுத்தம் குறைந்து, உண்மையான பூஸ்ட் ஏறும். இதில் இரண்டு ஹோஸை இடம் மாற்றிப் போட்டால் கட்டளை தலைகீழாகிவிடும். வண்டி ஒன்று இழுக்கவே இழுக்காது, இல்லையென்றால் பிடிக்க முடியாமல் ஓடும். சொலனாய்டைக் கழற்றித் துடைத்து மாட்டிய பிறகு வரும் கோளாறுகளில் பாதி இந்த ரகம்.

கணினி எப்படி முடிவெடுக்கிறது? இத்தனை ஆர்பிஎம்முக்கு, இத்தனை மிதிக்கு, இவ்வளவு பூஸ்ட் வேண்டும் என்று ஒரு அட்டவணை. அதை அடைய ஏறத்தாழ இவ்வளவு டியூட்டி தேவைப்படும் என்று இன்னொரு அட்டவணை. பிறகு என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் (MAP) சென்சார் காட்டும் உண்மை அழுத்தத்தை இலக்கோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும் திருத்தம். இரண்டாவது அட்டவணையை ஒழுங்காக எழுதியவருக்குத் திருத்தத்தின் வேலை குறைவு. அதை ஏனோதானோ என்று விட்டு, எல்லாவற்றையும் திருத்தத்தின் தலையில் கட்டினால் பூஸ்ட் மேலும் கீழுமாக ஊஞ்சலாடும். இலக்கைத் தாண்டி எகிறுவதற்குப் பெரிய காரணமும் இதுதான். டர்போ வேகமெடுக்க நேரம் பிடிக்கும். அந்த நேரமெல்லாம் ‘இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை’ என்று திருத்தம் தன் கணக்கை ஏற்றிக்கொண்டே போகும். வந்து சேர்ந்ததும் ஏற்றிய கணக்கை உடனே இறக்க முடியாது.

பூஸ்ட்டை மின்னணுவியலிடம் ஒப்படைத்ததில் ஸ்வீடனின் சாப் நிறுவனம் முன்னோடி. 1982இல் வந்த அதன் ஏபிசி (APC) அமைப்பில், சிலிண்டரில் கலவை கண்டபடி பற்றி வெடிக்கும் ‘நாக்கிங்’ தட்டுகிறதா என்று காது கொடுக்கும் ஒரு சென்சார் இருந்தது. தட்டினால் பூஸ்ட் தானாக இறங்கும். நல்ல பெட்ரோல் ஊற்றினால் ஏறும். போடும் எரிபொருளைப் பொறுத்துக் காற்றை முடிவு செய்வது என்ற இந்த ஏற்பாடு, நாற்பது ஆண்டு கழித்து நம் ஊரில் ஓடும் ரீமேப்கள் பலவற்றைவிடப் புத்திசாலித்தனமானது. பந்தயத்தில் கதை வேறு. ஃபார்முலா 1இல் டர்போக்களின் ஆட்டத்தை அடக்க 1987இல் 4 பார், 1988இல் 2.5 பார் என்று வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் காற்றைத் திறந்துவிடும் வால்வை அமைப்பாளர்களே அணிகளிடம் கொடுத்தார்கள். அந்த வால்வையும் ஏமாற்ற வழி தேடினார்கள். 1989இல் டர்போவே கூடாதென்று ஆனது.

மிகப் புதிய கார்களில் ஹோஸும் டப்பாவும்கூட இல்லை. ஃபோக்ஸ்வாகனின் 1.0 டிஎஸ்ஐ போன்ற என்ஜின்களில் மடலை ஒரு மின்மோட்டார் நேரடியாக நகர்த்துகிறது. அங்கே கைத்திருகுக்கு இடமே கிடையாது. மென்பொருள் வழியாக மட்டும்தான் போக முடியும்.

ஒரே ஓட்டை, இரண்டு நோய்

டீசல்காரர்கள் இதுவரை படித்ததில் பாதியைத் தள்ளிவைத்துவிடலாம், ஏனென்றால் நம் பக்கம் ஓடும் டர்போ டீசல்களில் இரண்டு சாதி. பழைய ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா போன்றவற்றில் வந்த 75 குதிரைத்திறன் 1.3 லிட்டர் என்ஜினில் மேலே சொன்ன மடல் வகை. அதே என்ஜினின் 90 குதிரைத்திறன் வடிவத்திலும், ஸ்கார்பியோவின் எம்ஹாக்கிலும் விஜிடி. அதில் மடல் இல்லை. புகை நுழையும் வாயைச் சுற்றி நிற்கும் சின்னச் சின்ன இறக்கைகள் திரும்பி, வழியைக் குறுக்கியும் அகட்டியும் சக்கரத்தின் வேகத்தை மாற்றுகின்றன. பல வண்டிகளில் இந்த இறக்கைகளைத் திருப்புவது வேக்குவம்.

இப்போது ஒரு ஹோஸ் வெடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மடல் வகையில், டப்பாவுக்கு அழுத்தம் கொண்டுபோகும் ஹோஸ் வெடித்தால் டப்பாவுக்கு எதுவும் தெரியாது, மடல் திறக்காது, பூஸ்ட் வரம்பு மீறி ஏறும். வேக்குவம் விஜிடியில் ஹோஸ் வெடித்தால் இறக்கைகள் அகன்றே நிற்கும், பூஸ்ட் வரவே வராது, வண்டி மாட்டு வேகத்தில் போகும். ஒரே மாதிரி ரப்பர், ஒரே மாதிரி வெடிப்பு, நேர் எதிரான இரண்டு நோய். ‘இழுவை இல்லை, டர்போ போச்சு’ என்று ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் முன்பு அந்த ஹோஸை வளைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். என்ஜின் சூட்டில் வெந்த ரப்பர், வளைக்கும்போது வெளிப்புறத்தில் முடி போன்ற கோடுகளைக் காட்டும். கிளாம்ப் இருக்கும் முனையில்தான் முதலில் வெடிக்கும்.

டீசலில் கூடுதல் பூஸ்ட் பெட்ரோலில்போல நாக்கிங் கொண்டுவராது. அங்கே எதிரி காற்று குறைவது. டீசலைக் கூட்டி, காற்றைக் கூட்டாமல் விட்டால் கரும்புகை. புகையின் சூடு எகிறும். அந்தச் சூட்டை முதலில் வாங்குவது டர்போவின் சக்கரம். ‘டியூனிங் பாக்ஸ்’ என்று தபாலில் வரும் பெட்டிகள் பல, டீசலை அழுத்தத்தோடு தேக்கி வைக்கும் பொதுக்குழாயான ‘ரயி’லின் பிரஷர் சென்சாருக்கும் கணினிக்கும் நடுவில் புகுந்து, டீசல் அழுத்தம் குறைவாக இருப்பதாகக் காட்டும். கணினி நம்பி டீசலை ஏற்றும். பூஸ்ட் பக்கம் எந்த மாற்றமும் நடந்திருக்காது. இதைப் போட்டுவிட்டு வண்டி பறக்கிறது என்று சொல்பவர்கள் பின்னால் வருகிறவனின் கண்ணாடியைப் பார்ப்பதில்லை.

மண்டபம், ராமேஸ்வரத்தில் விசைப்படகு என்ஜின்களில் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு என்ஜின்களைப் பிரித்து மேய்வார்கள். பம்பைக் கூட்டி, புகையின் நிறம் பார்த்தே டீசலை அளக்கும் அந்தக் கைக்கு நான் மரியாதை வைத்திருக்கிறேன். ஆனால் படகு ஒரே ஆர்பிஎம்மில் மணிக்கணக்காக ஓடுவது. குளிரவைக்கக் கடலே கீழே இருக்கிறது. கார் ஒரு நிமிடத்துக்குள் நாலு கியர் மாறும். காமன் ரயில் காரைப் படகு முறையில் கூட்ட முடியாது. கணினி இலக்குக்கும் உண்மைக்கும் இடையே வித்தியாசம் கண்டதும் பவரை வெட்டி, வண்டியை லிம்ப் மோடில் (என்ஜினைக் காக்க மெதுவாக மட்டும் ஓடவிடும் நிலையில்) தள்ளிவிடும்.

வெயில் தின்னும் பிஎஸ்ஐ

இப்போது அந்த 18, 22 கணக்குக்கு வருவோம். என்ஜினுக்கு வேண்டியது காற்றின் எடை. மீட்டர் காட்டுவது அழுத்தம். இரண்டுக்கும் நடுவில் நிற்பது சூடு.

35 டிகிரி வெயிலில் டர்போ காற்றை இரண்டு மடங்கு அழுத்துகிறது என்போம். மீட்டரில் இது 14.7 பிஎஸ்ஐ. காற்றை அழுத்தும் சக்கரமான கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்று வைத்தால் காற்று ஏறத்தாழ 131 டிகிரியில் வெளியே வரும். நல்ல நிலையில் உள்ள இன்டர்கூலர் அந்தக் கூடுதல் சூட்டில் 70 சதவீதத்தை எடுத்துவிட்டால் என்ஜினுக்குப் போவது 64 டிகிரிக் காற்று. இப்போது பூஸ்ட்டை 2.2 மடங்குக்கு, அதாவது 17.6 பிஎஸ்ஐக்கு ஏற்றுவோம். டர்போ தன் வசதியான இடத்தைத் தாண்டிவிட்டதால் திறன் 65 சதவீதத்துக்கு இறங்குகிறது. காற்று 155 டிகிரியில் வருகிறது. அடுத்தடுத்து நாலைந்து முறை விரட்டியதில் இன்டர்கூலரும் கொதித்துப்போய்ப் பாதிச் சூட்டைத்தான் எடுக்கிறது. உள்ளே போவது 95 டிகிரிக் காற்று. அடர்த்தியைக் கணக்குப் போட்டால், மீட்டரில் 3 பிஎஸ்ஐ கூடியும் காற்றின் எடை 1 சதவீதம்கூடக் கூடவில்லை. முள் மட்டும் ஏறியது.

பெட்ரோல் என்ஜினில் இது நஷ்டத்தில் முடியும். 95 டிகிரிக் காற்றோடு அதே மேப் ஓடினால் நாக்கிங் வரும், கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும், பவர் விழும். தீப்பொறி தாமதமானால் எரிவது பின்னுக்குப் போய், புகை இன்னும் சூடாக டர்போவை அடையும். அந்தச் சூடு சக்கரத்தை மேலும் வேகமாகச் சுழற்றும், பூஸ்ட்டைப் பிடிப்பது மேலும் கடினமாகும். சித்திரை மதியத்தில் ‘மீட்டர் 20 காட்டுது, வண்டி மட்டும் போக மாட்டேங்குது’ என்று ஒருவர் சொன்னால் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நண்பர் அனுப்பிய மேப் கோப்பை இங்கே ஏற்றுவதில் உள்ள ஆபத்தும் இதே வழியில் வருவது. துபாய் பங்க்குகளில் 98 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) பெட்ரோல் சாதாரணமாகக் கிடைக்கும். அதற்கென எழுதிய தீப்பொறி அட்டவணையையும் பூஸ்ட் அட்டவணையையும், அதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டனின் விளிம்புதான் விலை கொடுக்கும். சிறிய டர்போ பெட்ரோல் என்ஜின்களில் இன்னொரு கண்ணியும் உண்டு: ஐந்தாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் முழு மிதி. தீப்பொறிக்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் கோளாறு அந்தக் குறைந்த வேகத்தில்தான் வருகிறது; ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கக்கூடியது. அதனால் யோசித்து எழுதிய மேப்பில் கீழ் ஆர்பிஎம்மில் பூஸ்ட்டை வேண்டுமென்றே அடக்கி வைத்திருப்பார்கள். ‘கீழே இழுவை பத்தவில்லை’ என்று சண்டை போட்டு அதைக் கூட்டச் சொல்லாதீர்கள்.

கடலோரத்துக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் முழுசாக, 1.013 பார். ஆக, ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தை அடைய டர்போ மிகக் குறைவாக உழைப்பது இங்கேதான். அதே வண்டியைக் கோடைக்கானலுக்கு ஓட்டிப் போனால் அங்கே வெளிக்காற்று ஏறத்தாழ 0.79 பார். கணினி வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து 2 பார் முழு அழுத்தம் கேட்டால், இங்கே இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக அழுத்திய டர்போ அங்கே இரண்டரை மடங்கு அழுத்த வேண்டும். ராமநாதபுரத்தில் ஏற்கெனவே எல்லையில் ஓடிக்கொண்டிருந்த டர்போ, மலை ஏறியதும் எல்லையைத் தாண்டும். கம்பெனி மேப்பில் உயரத்துக்கேற்ப பூஸ்ட்டைக் குறைக்கும் அட்டவணை இருக்கும். ரீமேப் செய்கிறவர் முதலில் தூக்கிவிடுவது அதையாகவும் இருக்கக்கூடும். கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈரப்பதம் பற்றியும் ஒரு வார்த்தை. 35 டிகிரியில் 70 சதவீத ஈரம் என்றால் நாம் இழுக்கும் காற்றில் சுமார் 4 சதவீதம் நீராவி. அந்த அளவுக்கு ஆக்ஸிஜன் குறைகிறது. பதிலுக்கு நீராவி நாக்கிங்கைக் கொஞ்சம் தணிக்கவும் செய்யும். லாபமும் நஷ்டமும் சின்னதுதான்.

உப்பும் மணலும்

ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை போகும் சாலையில் மணல் ஊர்ந்து வந்து தார் மேல் ஏறிக் கிடக்கும். 2017இல் அந்தச் சாலை திறந்ததிலிருந்து கார்கள் முனை வரை போகின்றன. அந்த மணலில் கண்ணுக்குத் தெரியும் குருணையைவிடத் தெரியாத தூசிதான் டர்போவுக்குப் பகை. கம்ப்ரசர் சக்கரத்தின் விளிம்பு கத்திபோல மெல்லியது. அதில் தூசி அடித்தால் விளிம்பு மழுங்கும், திறன் இறங்கும், அதே பூஸ்ட்டுக்குச் சூடு கூடும். கம்பெனி ஃபில்டர் பெட்டியைத் தூக்கிவிட்டுக் கூம்பு வடிவத் திறந்த ஃபில்டரைப் போடுவது இந்தக் கரைக்கு உதவாத மாற்றம் என்பது என் திடமான கருத்து. அது பானட்டுக்குள் இருக்கும் கொதிக்கிற காற்றையே இழுக்கும், தூசியையும் விடும், கொடுப்பது ஒரு சத்தம்.

அடைத்த ஃபில்டர் வேறு மாதிரி ஏமாற்றும். ஃபில்டரில் 0.05 பார் இழப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினி கேட்ட 2 பாரை டர்போ எப்படியும் கொடுத்துவிடும். அதற்காகக் கூடுதல் வேகத்தில் சுற்றும். மீட்டரில் ஒரு மாற்றமும் தெரியாது. மாற்றம் தெரிவது டியூட்டியில்: நேற்று 45 சதவீதத்தில் வந்த பூஸ்ட் இன்று 52 கேட்கிறது என்றால் எங்கோ அடைப்பு அல்லது கசிவு.

உப்பு நேராகத் தாக்குவது உலோகத்தைத்தான். மடலின் தண்டு சுழலும் துளை, டப்பாவின் கம்பி, கம்பியை மடலோடு இணைக்கும் கிளிப், சொலனாய்டின் கனெக்டர். கனெக்டரைப் பிடுங்கினால் பின்களில் பச்சை பூத்திருக்கும். இன்டர்கூலரின் அலுமினியத் தகடுகளில் வெள்ளையாகப் பொடி படியும், பிறகு தகடே உதிரும். வாங்கியவர் வெளிநாட்டில் இருக்க, கடலுக்குச் சில நூறு அடி தூரத்தில் மாதக்கணக்காக நிற்கும் கார்கள் கீழக்கரைப் பக்கம் உண்டு. நிற்கும் காரில் மடல் துருப்பிடித்து இறுகிவிடும். மூடிய நிலையில் இறுகியதென்றால், ஊருக்கு வந்தவர் முதல் நாள் மிதிக்கும் முதல் மிதியிலேயே பூஸ்ட் எல்லை தாண்டும்.

இதைச் சோதிக்கச் செலவு அதிகமில்லை. மீட்டர் வைத்த ஒரு கைப்பம்ப் வேண்டும். டப்பாவின் ஹோஸைக் கழற்றி, பம்பை மாட்டி, என்ஜின் ஓடாமல், மெதுவாக அழுத்தம் கொடுத்துக் கம்பியைப் பாருங்கள். 0.5 பார் டப்பா என்றால் அந்த அழுத்தத்தை ஒட்டிக் கம்பி அசையத் தொடங்கி, அழுத்தம் ஏற ஏறச் சீராக நகர வேண்டும். 0.8 வரை அசையாமல் இருந்து பிறகு ‘டக்’கென்று குதித்தால் துரு. பம்பை நிறுத்தியதும் முள் தானாக இறங்கினால் சவ்வில் ஓட்டை. அழுத்தத்தை விட்டதும் கம்பி முழுசாகத் திரும்பி, மடல் இருக்கையில் உட்காரும் மெல்லிய தட்டல் கேட்க வேண்டும். கம்பியில் நட்டைத் திருகி நீளத்தைக் குறைத்தால் மடல் இறுக்கமாக மூடும், பூஸ்ட் ஏறும். இதை வைத்துத்தான் சில பட்டறைகளில் ‘கைக்கணக்கு’ நடக்கிறது. அரைச் சுற்றுக்குக்கூட எதிர்பாராத அளவு வித்தியாசம் வரும். பம்பும் மீட்டரும் இல்லாமல் அந்த நட்டில் ஸ்பேனர் வைக்கவே கூடாது.

இன்னொரு வகைக் கோளாறு, மாற்றங்கள் செய்ததாலேயே வருவது. டர்போவிலிருந்து புகை இறங்கும் டவுன்பைப்பைப் பெரிதாக, தடையில்லாத சைலன்சர் என்று போட்டதும் புகை தாராளமாக ஓடும். கம்பெனி வைத்த சின்ன மடலின் ஓட்டைக்கு அவ்வளவையும் வெளியேற்ற முடியாது. மடல் முழுக்கத் திறந்தும் ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்ட்டும் ஊர்ந்து ஏறிக்கொண்டே போகும். இதற்குக் கண்ட்ரோலரிலோ மேப்பிலோ மருந்து கிடையாது, ஏனென்றால் டியூட்டி ஏற்கெனவே பூஜ்யத்தில் இருக்கிறது. ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே தனி வேஸ்ட்கேட் வைக்க வேண்டும். திடீரென எகிறி இறங்குவது கண்ட்ரோலின் குற்றம். ஊர்ந்து ஏறுவது ஓட்டையின் குற்றம். உயர் ஆர்பிஎம்மில் பூஸ்ட் சரிந்து போவது பலவீனமான ஸ்பிரிங்கை உள்ளிருந்து வரும் புகையின் அழுத்தம் தள்ளித் திறப்பதால், அல்லது டர்போவே சின்னது என்பதால். மூன்றுக்கும் மூன்று வைத்தியம்.

சட்டத்தில் இதற்கு இடம் குறைவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு வரலாம். விபத்து என்று வந்தால் காப்பீட்டில் கேள்வி எழும். யாத்திரை வேன்களும் ஆடுமாடுகளும் குறுக்கே வரும் சாலை, பூஸ்ட் சரிபார்க்கும் இடமும் இல்லை. அதற்குக் கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்தே செய்யப்போகிறவர் ரீமேப் செய்பவரிடம் கேட்டு வாங்க வேண்டியது ஒரு லாக் கோப்பு. மூன்றாவது அல்லது நான்காவது கியரில் ஒரு முழு ஓட்டம். அதில் ஆர்பிஎம்மோடு சேர்த்து இலக்கு பூஸ்ட், உண்மையில் வந்த பூஸ்ட், டியூட்டி, உள்ளே போகும் காற்றின் சூடு, பெட்ரோல் என்றால் நாக்கிங்குக்காகத் தீப்பொறி எத்தனை டிகிரி பின்வாங்கியது என்ற வரிசையும். இலக்கும் உண்மையும் ஒட்டி ஓடி, உச்சத்திலும் டியூட்டிக்குக் கொஞ்சம் இடம் மிச்சமிருந்து, காற்றின் சூடு நிதானமாக ஏறியிருந்தால் அது செய்யத் தெரிந்தவர் கை. பங்குனி மதியம் இரண்டு மணிக்கு எடுத்த லாக் வேண்டும். அதிகாலையில் எடுத்ததை வைத்துக்கொண்டு இந்த ஊரில் ஒன்றும் செய்ய முடியாது. லாக் எல்லாம் எதுக்கு அண்ணே, மீட்டரைப் பாருங்க, 22 நிக்குது என்று பதில் வந்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.